சர்க்கரை நோய் கண்ட பூனைக்கு வீட்டிலேயே இன்சுலின்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பூனைக்குச் சர்க்கரை நோய் என்று சொல்லி, இன்சுலின் குப்பியையும் சில சிரிஞ்சுகளையும் கையில் கொடுத்துக் கால்நடை மருத்துவர் அனுப்பிவைக்கும் நாளில், பெரும்பாலானவர்களுக்கு எழும் முதல் அச்சம் ஊசியைப் பற்றியது. உண்மையில் இந்தச் சிகிச்சையிலேயே எளிதானது ஊசி போடுவதுதான். சில நாட்களில் உங்கள் கை பழகிவிடும்; பூனையும் பழகிவிடும். கவனம் வேண்டியது வேறு இடத்தில். சர்க்கரை சில நாட்கள் கூடுதலாக இருந்தாலும், பூனை சாப்பிட்டுக்கொண்டு சுறுசுறுப்பாக இருக்கும்வரை, உடனடி ஆபத்து வருவது அரிது. ஆனால் தேவைக்கு மேல் இன்சுலின் ஏறிச் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டால் சில மணி நேரத்தில் உயிரே போகலாம். கீழே வரும் விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறந்தவையே. மருந்தின் வகையையும் அளவையும் தீர்மானிப்பது மருத்துவரின் பொறுப்பு. அந்த அளவைப் பிசகாமல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பூனையின் உடலில் சேர்ப்பது உங்கள் பொறுப்பு.

நோயும் அதன் உறுதிப்பாடும்

பூனைகளுக்கு வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயை ஒத்தது. கணையம் இன்சுலின் சுரப்பதை ஒரேயடியாக நிறுத்திவிடுவதில்லை; சுரக்கும் இன்சுலினை உடல் சரிவரப் பயன்படுத்திக்கொள்வதில்லை, நாளடைவில் கணையமும் தளர்ந்துபோகிறது. நடுவயதைக் கடந்த, எடை கூடிய, கருத்தடை செய்யப்பட்டு வீட்டுக்குள்ளேயே வாழும் ஆண் பூனைகளிடம் இது அதிகம் காணப்படுகிறது. தோல் அரிப்புக்காகவோ ஆஸ்துமாவுக்காகவோ வாய்ப்புண்ணுக்காகவோ நீண்ட காலம் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்ட பூனைகளுக்கும் வரக்கூடும். ஓயாமல் தண்ணீர் குடிப்பது, பூனை மலசலம் கழிக்கும் லிட்டர் பெட்டியில் சிறுநீரில் நனைந்து திரளும் மணல் கட்டிகள் பெரிதாவது, நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துபோவது ஆகியவை வழக்கமான அறிகுறிகள். சில பூனைகள் பின்னங்கால்களின் குதிப்பகுதி தரையில் படும்படி தாழ்ந்து நடக்கும். அது நரம்புகள் பாதிக்கப்பட்டிருப்பதன் அடையாளம். சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் சில மாதங்களில் அந்த நடை பெரும்பாலும் தேறிவிடும்.

மருத்துவமனைக்குக் கூடையில் அடைத்துக்கொண்டு போன பயத்திலேயே ஆரோக்கியமான பூனையின் சர்க்கரைகூட 300 மில்லிகிராமைத் தாண்டலாம். எனவே ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து இன்சுலின் தொடங்கச் சொன்னால், முந்தைய ஒன்றிரண்டு வாரங்களின் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனை செய்யலாமா, சிறுநீரில் சர்க்கரையும், உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோனும் பார்க்கப்பட்டனவா என்று தயங்காமல் கேளுங்கள். பல் சீழ், சிறுநீர்ப்பாதைத் தொற்று, கணைய அழற்சி ஆகியவை இன்சுலினின் வேலையைக் கெடுக்கக்கூடியவை. அவற்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டு மருந்தின் அளவை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. ஸ்டீராய்டு ஏதேனும் கொடுத்துவந்திருந்தால் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். அதே சமயம், அதை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது.

குப்பியும் சிரிஞ்சும்

இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் நேரும் விபரீதங்களில் மிக மோசமானது இங்கேதான் தொடங்குகிறது.

பூனைகளுக்கு எழுதப்படும் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு அடர்த்திகளில் கிடைக்கிறது. லாண்டஸ் என்ற பெயரில் வரும் கிளார்ஜின் இன்சுலினில் ஒரு மில்லி லிட்டருக்கு 100 யூனிட் இருக்கும். விலங்குகளுக்கென்றே தயாரிக்கப்படும் கேனின்சுலின், புரோசிங்க் ஆகியவற்றில் ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட்தான் இருக்கும். ஒவ்வோர் அடர்த்திக்கும் தனித்தனிச் சிரிஞ்ச் உண்டு. நம் நாட்டு மருந்துக்கடைகளில் 40 யூனிட் சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடியும் 100 யூனிட் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடியும் இருப்பது வழக்கம். மனிதர்களுக்கான குப்பி இன்சுலின்கள் இந்தியாவில் பெரும்பாலும் 40 யூனிட் அடர்த்தியில் விற்கப்படுவதால், "இன்சுலின் சிரிஞ்ச்" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் சிவப்பு மூடியை எடுத்துக் கொடுத்துவிடுவார். உங்கள் பூனைக்கு எழுதப்பட்டது கிளார்ஜின் என்றால், அந்தச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ஒரு கோடு வரை இழுத்தாலே ஒன்றுக்குப் பதில் இரண்டரை யூனிட் ஏறிவிடும். நான்கைந்து கிலோ எடையுள்ள உயிருக்கு அது சாதாரண வேறுபாடு அல்ல. மாறாக, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் இழுத்தால் ஒரு யூனிட்டுக்குப் பதில் 0.4 யூனிட்தான் போகும். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவை ஏற்றிவிடுவீர்கள், பிறகு என்றைக்காவது சரியான சிரிஞ்ச் கையில் கிடைக்கும் நாளில் அந்த ஏற்றிய அளவு அப்படியே உள்ளே போகும்.

ஆகவே கடைக்குப் போகும்போது குப்பியையோ அதன் அட்டைப்பெட்டியின் படத்தையோ கொண்டு செல்லுங்கள். குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்ச் உறையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். மூடியின் நிறத்தை மட்டும் நம்பாமல் எண்ணைப் படியுங்கள். பூனைக்குத் தேவைப்படுவது மிகச் சிறிய அளவு என்பதால், 100 யூனிட் வகையில் 0.3 மில்லி லிட்டர் சிரிஞ்ச் கிடைத்தால் அதுவே நல்லது. அரை யூனிட் கோடுகளும் இருந்தால் இன்னும் நல்லது. பெரிய சிரிஞ்சில் ஒரு யூனிட்டைக் கண்ணால் சரியாக அளப்பது கடினம். பத்து மில்லி லிட்டர் குப்பி ஒரு பூனைக்கு மிக அதிகம் என்பதால் சில மருத்துவர்கள் மூன்று மில்லி லிட்டர் இன்சுலின் பேனாவை, அதாவது மருந்து உள்ளேயே அடைக்கப்பட்ட பேனா வடிவ ஊசிக்கருவியை, எழுதித் தருவார்கள். பேனாவில் ஒவ்வொரு முறையும் இரண்டு யூனிட்டை வெளியே விட்டுச் சோதித்த பின்பே அளவைத் திருப்பிவைக்க வேண்டும். பொத்தானை முழுவதும் அழுத்தியபின் பத்து வினாடி ஊசியை எடுக்காமல் பிடித்திருக்க வேண்டும்.

வீட்டில் பெரியவர் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால், ஃப்ரிட்ஜ் கதவில் அவருடைய குப்பியும் இருக்கும். அது பெரும்பாலும் விரைவாக வேலை செய்யும் இன்சுலினும் மெதுவாக வேலை செய்யும் இன்சுலினும் கலந்த முப்பதுக்கு எழுபது வகையாக இருக்கும். பூனையின் மருந்து தீர்ந்துவிட்டது என்பதற்காக அதிலிருந்து எடுத்துப் போடுவது, அளவு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், கூடவே கூடாது. பூனையின் மருந்தையும் அதன் சிரிஞ்சுகளையும் தனி டப்பாவில் வைத்து, மேலே பெரிய எழுத்தில் பூனையின் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள். இந்தக் கலப்பில் பூனைக்கு மட்டுமல்ல, பெரியவருக்கும் ஆபத்து உண்டு.

பாதுகாத்தல்

திறக்காத இன்சுலினை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி வரையிலான வெப்பத்தில் வைக்க வேண்டும். உறைபெட்டிக்கு அருகில் வைக்கக் கூடாது. ஒருமுறை உறைந்த மருந்து உருகிய பின் பார்ப்பதற்குப் பழையபடி இருந்தாலும் பயன்படாது. திறந்த கிளார்ஜினை 30 டிகிரிக்குக் கீழே வெளியிலும் வைக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் சித்திரை வைகாசியில் நம் ஊர் அறைகள் அந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. ஆகவே திறந்ததையும் ஃப்ரிட்ஜிலேயே வைத்துவிடுவது நல்லது. மின்வெட்டு நீளும் இடங்களில், நனைந்த மண்பானைக்குள் மருந்தை ஒரு சிறு டப்பாவில் இட்டு நிழலில் வைப்பது பழைய வழக்கம், பயனுள்ளதும்கூட. திறந்து 28 நாட்களுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது மனிதர்களுக்கான குறிப்பு. ஃப்ரிட்ஜிலேயே இருந்த குப்பியை அதற்குப் பின்னும் பயன்படுத்தக் கால்நடை மருத்துவர்கள் பலர் அனுமதிப்பதுண்டு. உங்கள் மருத்துவரிடம் கேட்டு, திறந்த தேதியைக் குப்பியின் மேலேயே எழுதிவையுங்கள்.

கிளார்ஜின் தண்ணீர் போல் தெளிவாக இருக்க வேண்டும்; கலங்கியிருந்தாலோ துகள்கள் மிதந்தாலோ எறிந்துவிடுங்கள். அதைக் குலுக்கவும் கூடாது, வேறெதிலும் கலந்து நீர்க்கச் செய்யவும் கூடாது. கேனின்சுலின் பால் போல் கலங்கலாகவே இருக்கும்; அதை ஒரே சீராகும்வரை நன்றாகக் குலுக்க வேண்டும். புரோசிங்கை உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டினால் போதும்.

சாப்பாடு

பூனை இயல்பில் இறைச்சி உண்ணி. மாவுச்சத்தைக் கையாளும் திறன் அதன் உடலுக்குக் குறைவு. பால் சோறு, தயிர் சோறு, மீன் குழம்பில் பிசைந்த சோறு என்று நம் வீடுகளில் பாசத்தோடு போடப்படுவது எல்லாம் சர்க்கரை நோய் கண்ட பூனைக்கு நேர் எதிரான உணவு. கடையில் வாங்கும் உலர் தீனியும் இதில் சளைத்ததல்ல. அவற்றில் பலவற்றில் கலோரியின் 30 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. மாவுச்சத்து 12 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் ஈர உணவே பரிந்துரைக்கப்படுகிறது. சர்க்கரை நோய்ப் பூனைகளுக்கென்று விற்கப்படும் உணவு கிடைத்தால் நல்லது. விலை கட்டுப்படியாகாவிட்டால், பையில் வரும் சாதாரண ஈர உணவுகளில் குழம்புச் சாறு இல்லாத வகைகளை மருத்துவரிடம் காட்டித் தேர்ந்தெடுக்கலாம். சாறு கெட்டியாக இருப்பதற்குப் பெரும்பாலும் மாவுதான் சேர்க்கப்படுகிறது.

வெறும் வேகவைத்த கோழியை மட்டும் போட்டு வளர்த்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். பூனைக்கு டாரின் என்ற சத்து கட்டாயம் தேவை. வேகவைத்த தண்ணீரைக் கொட்டும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். வீட்டில் சமைப்பதானால் எந்தச் சத்துக்களை எவ்வளவு சேர்ப்பது என்பதை மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

இதில் புதியவர்கள் அறியாத ஓர் ஆபத்து இருக்கிறது. இன்சுலின் தொடங்கிய பின்பு ஒருநாள் நல்லெண்ணத்தில் உலர் தீனியை நிறுத்திவிட்டு ஈர உணவுக்கு மாறினால், இன்சுலின் தேவை சட்டென்று பாதியாகக்கூடக் குறையலாம். நேற்றுவரை சரியாக இருந்த அளவு இன்று அதிகமாகிவிடும். உணவை மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்றும் நாட்களில் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். பருத்த பூனையைப் பட்டினி போட்டு மெலியவைப்பதும் கூடாது. கொழுப்பு கல்லீரலில் போய்ப் படிந்துவிடும். வெந்தயம், பாகற்காய், சிறுகுறிஞ்சான் என்று அக்கம்பக்கத்தார் அன்போடு சொல்லும் கைவைத்தியங்களை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

ஊசி போடும் முறை

பெரும்பாலான பூனைகளுக்குத் தொடக்க அளவு வேளைக்கு ஒரு யூனிட் அல்லது அதையொட்டியே இருக்கும். இரண்டு யூனிட்டுக்கு மேல் தொடங்கச் சொன்னால் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காலை ஏழு, இரவு ஏழு என்பது போல உங்கள் வீட்டு ஒழுங்குக்குப் பொருந்தும் இரண்டு வேளைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மணி நேரம் முன்பின் ஆனால் தவறில்லை.

முதலில் உணவை வைத்து, பூனை சாப்பிடத் தொடங்கியதைப் பார்த்த பின்பு சிரிஞ்சை எடுங்கள். குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, தேவையான அளவைவிடச் சற்றுக் கூடுதலாக இழுத்து, குமிழி இருந்தால் சிரிஞ்சை விரலால் தட்டி மேலே வரவைத்துக் குப்பிக்குள்ளேயே தள்ளிவிட்டு, பிறகு சரியான கோட்டுக்குக் கொண்டு வாருங்கள். தோலுக்கடியில் போகும் சிறு குமிழியால் பூனைக்குத் தீங்கு இல்லை. ஆனால் ஒரு யூனிட் அளவில் குமிழி பிடித்திருக்கும் இடம் மருந்து இல்லாத இடம். கோட்டை வெளிச்சத்தில், கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, பிடரியில் போடுவது எளிது என்றாலும் அங்கே ரத்த ஓட்டம் குறைவு. தொடர்ந்து அங்கேயே போட்டால் தோல் தடித்து, மருந்து உறிஞ்சப்படுவது சீரற்றுப்போகும். விலாப்புறமும் வயிற்றின் பக்கவாட்டும் நல்லவை. காலையில் வலம், இரவில் இடம் என்று வைத்துக்கொண்டு, நாளுக்கு நாள் ஓரிரு விரல் அகலம் தள்ளிப் போடுங்கள். பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை லேசாகத் தூக்கினால் கூடாரம் போல் ஒரு மடிப்பு எழும். அதன் அடிப்பகுதியில், முதுகெலும்புக்கு இணையாக, ஊசியின் சாய்வான முகம் மேலே இருக்கும்படி வைத்து ஒரே சீராக உள்ளே செலுத்துங்கள். தயங்கித் தயங்கிக் குத்தினால்தான் வலிக்கும். மருந்தைத் தள்ளிவிட்டு, தோலை விட்டு, ஊசியை வெளியே எடுங்கள். ஸ்பிரிட் தடவ வேண்டியதில்லை. அதன் வாடையும் குளிர்ச்சியும்தான் பல பூனைகளை மிரளவைக்கின்றன.

எடுத்ததும் அந்த இடத்து முடியைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஊசி மடிப்பின் மறுபக்கம் வழியாக வெளியே வந்து, மருந்து முடியில் கொட்டியிருக்கிறது என்று பொருள். கிளார்ஜினில் சேர்க்கப்படும் மெட்டாகிரெசாலுக்குப் பினாயில் போன்ற வாடை உண்டு. விரலை முகர்ந்தால் தெரிந்துவிடும். இப்படி நேர்ந்தால் மறுபடியும் ஊசி போடக் கூடாது. எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே கொட்டியது என்று சொல்ல வழியில்லை. ஒரு வேளை சர்க்கரை கூடியிருப்பதைப் பூனை தாங்கும். இரட்டிப்பு இன்சுலினைத் தாங்காது. இதே காரணத்தால்தான் மறந்துபோன வேளையை அடுத்த வேளையில் சேர்த்துப் போடக் கூடாது என்கிறோம். இரண்டு மூன்று மணி நேரம் கடந்துவிட்டால் அந்த வேளையை விட்டுவிட்டு அடுத்த வேளையில் வழக்கமான அளவைப் போடுவது பாதுகாப்பு.

வீட்டில் ஒருவருக்கு மேல் ஊசி போடுவார்கள் என்றால், ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காலண்டரைத் தொங்கவிட்டு, போட்டவர் போட்ட கணமே நேரத்தையும் அளவையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். "அம்மா போட்டிருப்பாள்" என்று மகனும், "இவன் போட்டிருக்க மாட்டான்" என்று அம்மாவும் தனித்தனியே நினைத்துக்கொள்ளும் வீட்டில் இரட்டை ஊசி நேர அதிக நாள் ஆகாது.

பூனை சாப்பிடாத வேளையில் என்ன செய்வது என்பதை முதல் நாளிலேயே மருத்துவரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். பாதிக்குக் குறைவாகச் சாப்பிட்டால் பாதி அளவு போடச் சொல்பவர்களும் உண்டு, விட்டுவிடச் சொல்பவர்களும் உண்டு. எதுவாக இருந்தாலும், ஒன்றும் சாப்பிடாத, அல்லது சாப்பிட்டதை வாந்தி எடுத்துவிட்ட பூனைக்கு முழு அளவைப் போடாதீர்கள்.

வீட்டில் சர்க்கரை பார்த்தல்

ஊசியைவிட இதற்குத்தான் பலர் தயங்குகிறார்கள். ஆனால் என் பார்வையில் இதைக் கற்றுக்கொண்ட வீடும் கற்றுக்கொள்ளாத வீடும் ஒன்றல்ல. மருத்துவமனையில் பார்க்கும் அளவில் பயம் கலந்திருக்கும். தன் நாற்காலியில் சுருண்டு படுத்திருக்கும் பூனையிடம் எடுத்த அளவே உண்மைக்கு நெருக்கமானது.

ரத்தம் காதின் வெளி விளிம்பிலிருந்து எடுக்கப்படுகிறது. காதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய நாளம் ஓடுவது தெரியும்; அந்த நாளத்துக்கும் விளிம்புக்கும் இடையே உள்ள சிறு பகுதிதான் குத்த வேண்டிய இடம். அதற்கு முன் காதை நன்றாகச் சூடேற்றுவது முக்கியம். ஒரு காலுறையில் அரிசியை இட்டு முடிந்து, லேசாகச் சூடாக்கி, உங்கள் கன்னத்தில் வைத்துச் சுடவில்லை என்று பார்த்த பின் காதில் அரை நிமிடம் ஒற்றுங்கள். குளிர்ந்த காதில் எத்தனை முறை குத்தினாலும் ரத்தம் வராது. விளிம்பில் வாசலினை மிக மெல்லியதாகப் பூசினால் துளி முடியில் பரவாமல் முத்துப் போல் திரண்டு நிற்கும். காதின் பின்புறம் மடித்த பஞ்சை வைத்துக்கொண்டால் உங்கள் விரலில் குத்தாது. துளியைக் குளுக்கோமீட்டரில் செருகிய ஸ்டிரிப்பில் தொட்டதும் அந்த இடத்தைப் பஞ்சால் சில வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள், இல்லாவிட்டால் கன்றிப்போகும். கையோடு ஒரு துணுக்கு வேகவைத்த கோழி கொடுங்கள். இரண்டு வாரத்தில் குளுக்கோமீட்டர் பையின் ஜிப் சத்தத்துக்கே ஓடிவரும் பூனைகள் உண்டு.

மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனையின் ரத்தத்தில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் போக்குடையது. நம் ரத்தத்தில் சர்க்கரை சிவப்பணுக்களுக்குள்ளும் கணிசமாக இருக்கிறது, பூனையின் ரத்தத்தில் பெரும்பகுதி பிளாஸ்மாவிலேயே இருக்கிறது. ஆல்ஃபாட்ராக் போன்ற விலங்குகளுக்கான கருவி துல்லியமானது, ஆனால் அதன் ஸ்டிரிப் விலை அதிகம், எளிதில் கிடைப்பதும் இல்லை. மனிதக் கருவியே கிடைத்தால் அதையே பயன்படுத்தலாம். இடையில் கருவியை மாற்றாதீர்கள், எந்தக் கருவியின் எண் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தோலில் ஒட்டும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே உணரியைப் பூனைகளுக்கும் பொருத்துகிறார்கள். அது நாள் முழுவதும் அளவைக் காட்டும், ஆனால் பதினான்கு நாள் முடிவதற்குள் பூனை அதைப் பிய்த்துவிடுவது சாதாரணம். அது மிகக் குறைவான எண்ணைக் காட்டினால் காதில் குத்தி ஒருமுறை உறுதிசெய்துகொள்வது நல்லது. ஆனால் பூனை தள்ளாடுகிறது என்றால் உறுதிப்படுத்தக் காத்திருக்காமல் உணவைக் கொடுங்கள்.

தொடக்கத்தில் ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் ஒருமுறை பாருங்கள். முதல் வாரங்களில் அந்த எண் 200-க்குக் கீழே இருந்தால் ஊசி போடாமல் மருத்துவரைக் கேட்பது என்று ஒரு கோடு கிழித்துக்கொள்வது நல்லது. ஒன்றிரண்டு வாரம் கழித்து மருத்துவர் சர்க்கரை வரைபடம் கேட்பார்: ஊசிக்கு முன் ஒன்று, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று அடுத்த ஊசிவரை பார்த்து எழுதுவது. அதில் முக்கியமானது எவ்வளவு உயர்ந்தது என்பதைவிட எவ்வளவு இறங்கியது, எத்தனை மணி நேரத்தில் இறங்கியது என்பதே. பொதுவாக அடிமட்ட அளவு 80-க்கும் 150-க்கும் இடையே இருப்பதும், உச்சம் 300-ஐ அதிகம் தாண்டாததும் நல்ல கட்டுப்பாடு எனப்படும்.

எண்களோடு கூடவே எளிய கணக்கு ஒன்றையும் வைத்திருங்கள். காலையில் அளந்து ஊற்றிய தண்ணீரில் மறுநாள் எவ்வளவு மீதி என்று பாருங்கள். நான்கு கிலோ பூனை நாளுக்கு 400 மில்லி லிட்டர் குடித்தால் அது மிக அதிகம். ஈர உணவு உண்ணும், கட்டுக்குள் உள்ள பூனை அதில் பாதிகூடக் குடிக்காது. வாரம் ஒருமுறை எடையும் பாருங்கள். ரத்தத்தில் சர்க்கரை சுமார் 270-ஐத் தாண்டும்போதுதான் பூனையின் சிறுநீரில் அது வழியத் தொடங்குகிறது என்பதால், தண்ணீர் குடிப்பது குறைந்து எடையும் நிலைத்துவிட்டால், எண்கள் அழகாக இல்லாவிட்டாலும் சிகிச்சை சரியான பாதையில் போகிறது என்று கொள்ளலாம்.

எண் கூடுதலாக இருக்கிறதே என்று இரண்டு நாளுக்கு ஒருமுறை அளவை ஏற்றச் சொல்லி மருத்துவரை வற்புறுத்தாதீர்கள். கிளார்ஜின் போன்ற மருந்து உடலில் நிலைபெறவே சில நாட்கள் ஆகும். மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு, அரை யூனிட் வீதம் நகர்வதே நல்ல வழக்கம். குறைக்கும்போது மட்டும் இந்தப் பொறுமை வேண்டியதில்லை. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கினால் அடுத்த வேளையிலேயே குறைத்தாக வேண்டும்.

சர்க்கரை இறங்கிவிட்டால்

திடீர்ப் பசி, சோர்வு, தள்ளாட்டம், விரிந்த கண்மணிகள், வெறித்த பார்வை, தசைத் துடிப்பு, கடைசியில் வலிப்பு. பெரும்பாலும் இந்த வரிசையில் வரும், ஆனால் வரிசை தப்பியும் வரலாம். கருவியில் 60-க்குக் கீழே காட்டினால், பூனை பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் செயல்பட வேண்டும்.

விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே சாப்பாடு வையுங்கள். இந்த ஒரு வேளைக்கு உலர் தீனியே சிறந்தது. சாப்பிட மறுத்தாலோ தள்ளாடினாலோ தேனை அல்லது கெட்டியாகக் கரைத்த குளுக்கோஸ் பொடியை அரைத் தேக்கரண்டி எடுத்து, ஈறுகளின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவுங்கள். நினைவில்லாத பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். வலிப்பு வரும்போது விரலைப் பற்களுக்கிடையே விடாதீர்கள். உதட்டைச் சற்று விலக்கி, கன்னத்தின் உட்புறத்தில் தடவுங்கள். ஐந்து நிமிடத்தில் தெளிந்தாலும் அத்தோடு விட்டுவிடக் கூடாது. தேனின் பலன் சிறிது நேரமே நிற்கும். உள்ளே போன இன்சுலினோ இன்னும் பல மணி நேரம் வேலை செய்யும். சாப்பிடவைத்து, மருத்துவரை அழைத்து, கால் மணிக்கு ஒருமுறை சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். அடுத்த ஊசியை மருத்துவர் சொல்லாமல் போடாதீர்கள்.

நள்ளிரவில் எந்த மருத்துவமனையில் ஆள் இருப்பார்கள் என்பதை நோய் கண்டறிந்த வாரத்திலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பலருக்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நினைவுக்கு வரும். அங்கானாலும் தனியார் மருத்துவமனையானாலும் இரவு நேர ஏற்பாட்டை முன்கூட்டியே கேட்டு, எண்ணைக் காலண்டரின் மேலேயே எழுதிவையுங்கள். தேன் பாட்டிலும் அதே இடத்தில் இருக்கட்டும்.

எதிர்ப்பக்கத்து அவசரம் ஒன்றும் உண்டு. சர்க்கரை பல நாள் உச்சத்தில் இருந்து, பூனை சாப்பிடாமல், வாந்தி எடுத்து, சுருண்டு கிடந்தால் அது கீட்டோன் பெருகி ரத்தம் அமிலமாவதன் அறிகுறி. சிறுநீரில் நனைக்கும் கீட்டோன் ஸ்டிரிப்புகள் மருந்துக்கடையில் கிடைக்கும். அதில் நிறம் மாறினால் வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை. அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

மாத்திரை, தணிவு, வெளியூர்ப் பயணம்

ஊசிக்குப் பதிலாக வாய்வழி மருந்து இல்லையா என்று கேட்பவர்களுக்கு: பெக்சாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை அமெரிக்காவில் 2022-இலும், வெலாகிளிஃப்ளோசின் என்ற திரவ மருந்து 2023-இலும் பூனைகளுக்கென்று அங்கீகரிக்கப்பட்டன. அவை முன்பு இன்சுலின் போடாத, வேறு நோயில்லாத பூனைகளுக்கு உரியவை. ரத்தச் சர்க்கரை இயல்பாக இருக்கும்போதே கீட்டோன் ஏறும் ஆபத்தும் அவற்றில் உண்டு. இன்சுலினில் இருக்கும் பூனைக்கு நீங்களாக மாற்றிக் கொடுக்கும் மருந்துகள் அல்ல அவை.

நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து, நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினும் மாவுச்சத்து குறைந்த உணவும் கொடுக்கப்பட்ட பூனைகளில் கணிசமானவை சில மாதங்களில் ஊசியே தேவைப்படாத தணிவு நிலைக்கு வருகின்றன. ஊசிக்கு முந்தைய அளவு தொடர்ந்து இயல்பாக வரத் தொடங்குவது அதன் முன்னறிகுறி. வீட்டில் சர்க்கரை பார்க்காதவர்களுக்கு இது ஒரு தாழ்சர்க்கரை விபத்தாகத்தான் தெரியவரும்; பார்ப்பவர்களுக்கு வெறும் எண்ணாகத் தெரியும். அப்போது மருத்துவர் அரை யூனிட் அரை யூனிட்டாகக் குறைத்து நிறுத்துவார். நின்ற பிறகும் உணவு முறை அப்படியே தொடர வேண்டும். வாரம் ஒருமுறையாவது சர்க்கரையைப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு ஊசி ஒன்று போதும், நோய் திரும்பி வர.

வெளியூர் போகும்போது பூனையை யாரிடம் விடுகிறீர்களோ அவர் நீங்கள் இருக்கும்போதே நான்கைந்து வேளை தம் கையால் ஊசி போட்டுப் பழகியிருக்க வேண்டும். மருந்து, அதற்கேற்ற சிரிஞ்ச், அளவு எழுதிய தாள், சாப்பிடாவிட்டால் என்ன செய்வது என்ற மருத்துவரின் குறிப்பு ஆகியவற்றை ஒரே டப்பாவில் கொடுங்கள். பயன்படுத்திய ஊசிகளை மூடியோடு கூடிய தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டுவைத்து, நிறைந்ததும் மருத்துவமனையில் ஒப்படையுங்கள். குப்பைப் பையில் போட்டால் தூய்மைப் பணியாளரின் கையில்தான் குத்தும்.